பக்கத்துப் பெரிய பல்கலைக்கழகமா, தூரத்துச் சிறியதா? டெல்டா வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் மயிலாடுதுறை, கும்பகோணம், மன்னார்குடி பக்கத்து வீடுகளில் ஓடுகிற பேச்சு ஏறக்குறைய ஒன்றுதான். "பக்கத்திலேயே அவ்வளவு பெரிய யுனிவர்சிட்டி இருக்கும்போது பிள்ளையை எதற்கு அத்தனை தூரம் அனுப்பணும்?" இந்தக் கேள்வியில் 'பக்கம்' என்பதும் 'பெரியது' என்பதும் நம்மை ஏமாற்றுகிற சொற்கள். இரண்டையும் சரியாக அளந்து பார்த்தால் பாதி வீடுகளில் விடை தானாகவே வந்துவிடும். அளக்கும் முறைதான் கீழே.

முதலில், உட்காரப் போகிற கட்டடம் எது?

'பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது' என்ற ஒரே வார்த்தைக்குப் பல பொருள் உண்டு. 1982ல் தொடங்கிய பாரதிதாசன் பல்கலைக்கழகம் முதன்மையாக ஓர் இணைப்புப் பல்கலைக்கழகம். பட்டத்தில் அதன் பெயர் இருக்கும். ஆனால் மூன்று வருடம் நீங்கள் உட்காருவது கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ திருச்சியிலோ உள்ள ஒரு கல்லூரியில். திருச்சி–புதுக்கோட்டை சாலையில் பல்கலைப்பேரூரில் இருக்கும் வளாகத் துறைகள் வேறு, இணைப்புக் கல்லூரிகள் வேறு. 1929ல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சிதம்பரம் வளாகத்தின் துறைகளிலேயே படிக்கலாம். இப்போது அதனோடும் கல்லூரிகள் இணைக்கப்பட்டிருப்பதால், கையில் உள்ள சேர்க்கை ஆணை வளாகத்துக்கா கல்லூரிக்கா என்று பார்த்துக்கொள்ளுங்கள். திருவாரூர் அருகே நீலக்குடியில் 2009ல் வந்த மத்தியப் பல்கலைக்கழகம் தன் வளாகத்திலேயே பாடம் நடத்துவது. தஞ்சையைச் சுற்றி நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும் இருக்கின்றன.

தூரத்துச் சிறியவற்றிலும் இதே மாதிரி வகைகள் உண்டு. 1956ல் தொடங்கி 1976ல் நிகர்நிலைத் தகுதி பெற்ற காந்திகிராம கிராமியப் பல்கலைக்கழகம் திண்டுக்கல் மாவட்டத்தில் விடுதி வாழ்க்கையை மையமாக வைத்து நடப்பது. சென்னைக்கு அருகே சிறுசேரியில் இருக்கும் சென்னைக் கணிதவியல் நிறுவனம் கணிதம், கணினியியல், இயற்பியல் என்று சில பாடங்களோடு நிறுத்திக்கொண்டது. அதற்குத் தனி நுழைவுத் தேர்வு. இரண்டும் சிறியவைதான், ஆனால் ஒன்றை மனத்தில் வைத்து இன்னொன்றை எடைபோட முடியாது.

ஆக, ஒப்பிட வேண்டியது இரண்டு பல்கலைக்கழகங்களை அல்ல, இரண்டு துறைகளை. பதினைந்தாயிரம் பேர் படிக்கும் வளாகத்தில் வருடத்துக்கு முப்பது பேர் சேரும் துறையும் இருக்கும். மொத்தமே இரண்டாயிரம் பேர் உள்ள இடத்தில் ஒரே வகுப்பில் எழுபது பேரை அடைத்திருப்பதும் உண்டு. முதலாவதில் படிப்பவர்தான் உண்மையில் 'சிறிய இடத்தில்' படிக்கிறார்.

தூரத்தை மணிக்கணக்கில் அளந்து பாருங்கள்

தஞ்சாவூரிலிருந்து திருச்சி 55 கிலோமீட்டர் என்பது நமக்குத் தெரியும். அய்யம்பேட்டையில் வீடு, பல்கலைப்பேரூரில் வகுப்பு என்றால் கணக்கு வேறு. வீட்டிலிருந்து ஸ்டாப்பிங், அங்கிருந்து தஞ்சை, தஞ்சையிலிருந்து திருச்சி, மறுபடி புதுக்கோட்டை ரோட்டில் இன்னொரு பஸ். ஒவ்வொரு மாற்றத்திலும் காத்திருப்பு. இதை யாரும் 'பக்கம்' என்று சொல்லக் கூடாது.

ஒரு தாளில் இப்படி எழுதுங்கள். ஒரு வழிக்கு, வீட்டு வாசலிலிருந்து வகுப்பு வாசல் வரை, 1 மணி 45 நிமிடம் என்று வையுங்கள். போக வர மூன்றரை மணி. ஒரு செமஸ்டருக்கு 90 வேலைநாள். 315 மணி நேரம். வருடத்துக்கு 630. அதே பிள்ளை 7 மணி நேரப் பயணத் தொலைவில் விடுதியில் தங்கி, வருடத்துக்கு ஐந்து முறை வீட்டுக்கு வந்து போனால் ஆகும் நேரம் 70 மணி. எது தூரம்?

ஒரு வழிக்கு ஒரு மணி நேரத்துக்குள் முடிகிறதென்றால் வீட்டிலிருந்து போய் வருவது நல்ல ஏற்பாடு. ஒன்றேகால் மணியைத் தாண்டினால் மாலைப் படிப்பு நின்றுபோகும். முதல் செமஸ்டரில் இது தெரியாது, மூன்றாவது செமஸ்டரில் அரியராகத் தெரியும். ஒன்றரை மணியைத் தாண்டினால் பக்கத்துப் பல்கலைக்கழகத்திலும் விடுதி எடுத்தாக வேண்டும் என்றே கணக்குப் போடுங்கள். அப்படி எடுக்கும்போது 'வீட்டுச் சாப்பாடு, செலவு மிச்சம்' என்று பக்கத்து இடத்துக்குக் கொடுத்த மதிப்பெண்ணைக் கழித்துவிடுங்கள். பல வீடுகள் இதைக் கழிக்க மறந்துவிடுகின்றன.

சேருவதற்கு முன் ஒரு திங்கட்கிழமை காலையில் அந்தப் பயணத்தைப் போய்ப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காரில் போய்ப் பார்த்தது கணக்கில் சேராது. கடைசி டவுன் பஸ் எத்தனை மணிக்கு என்று ஸ்டாண்டில் நேரக் காப்பாளரிடம் கேளுங்கள். லேப் நாலரை மணிக்கு முடிந்து, பஸ் நாலு இருபதுக்குப் போய்விடுகிறதென்றால் வாரம் இரண்டு நாள் பிள்ளை லேப்பைப் பாதியில் விட்டு ஓடிவரும். சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்கு இலவசம். அரசுக் கலைக் கல்லூரி மாணவர்களுக்கு இலவச பஸ் பாஸ் உண்டு. ரயிலில் போவதானால் மாணவர் சீசன் டிக்கெட் சலுகைக்கான படிவத்தில் கல்லூரியில் கையெழுத்து வாங்கி ஸ்டேஷன் கவுண்டரில் கொடுக்க வேண்டும்.

நம் பகுதிக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. முதல் செமஸ்டர் தேர்வு நவம்பர், டிசம்பரில். மழை விடுமுறையை அறிவிப்பது அந்தந்த மாவட்ட ஆட்சியர். நாகப்பட்டினத்துக்கு விடுமுறை விட்டிருப்பார்கள், திருச்சியில் வெயில் அடிக்கும், தேர்வு நடக்கும். வீடு ஒரு மாவட்டம், கல்லூரி இன்னொரு மாவட்டம் என்று தினமும் போய் வருபவர்கள் அந்த இரண்டு மாதத்துக்கு மட்டுமாவது தங்க ஓர் இடம் பார்த்து வைக்க வேண்டும். உறவினர் வீடாக இருந்தால் ஜூனிலேயே பேசி வையுங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த பிறகு பல ஊர்களுக்கு மின்சாரம் திரும்ப நாள்கணக்கில், சில இடங்களில் வாரக்கணக்கில் ஆனது. விடுதியில் இருக்கும் பிள்ளைக்கு அந்த நாட்களிலும் மேஜையும் விளக்கும் கிடைக்கும்.

துறையை எப்படிப் பார்ப்பது

விளம்பரப் புத்தகத்தைத் தள்ளி வையுங்கள். இரண்டு ஆவணங்கள் போதும், இரண்டும் பல்கலைக்கழக இணையதளத்திலேயே கிடைக்கும். ஒன்று, என்ஐஆர்எஃப் தரவரிசைக்காக அவர்கள் அனுப்பிய தகவல் கோப்பு. தரவரிசை எண்ணை விட்டுவிட்டு உள்ளே போங்கள். எத்தனை பேர் சேர்ந்தார்கள், குறித்த காலத்துக்குள் எத்தனை பேர் பட்டம் பெற்றார்கள், எத்தனை பேருக்கு வேலை, சம்பளத்தின் இடைநிலை அளவு (பாதிப் பேர் இதற்கு மேல், பாதிப் பேர் இதற்குக் கீழ்) என்ன, எத்தனை பேர் மேற்படிப்புக்குப் போனார்கள் என்று வரிசையாக இருக்கும். சேர்ந்தவர் 100, குறித்த காலத்தில் முடித்தவர் 60 என்றால் மீதி 40 பேருக்கு என்ன ஆயிற்று என்று சேர்க்கை அலுவலகத்தில் நேராகக் கேளுங்கள். வேலைக்குப் போனவர்களின் சம்பளத்தில் 'அதிகபட்சம்' என்று போஸ்டரில் போடுவது ஒரே ஒரு பிள்ளையின் சம்பளம். இடைநிலை அளவுதான் உங்கள் பிள்ளைக்குக் கிடைக்கக்கூடியது.

இரண்டாவது, உயர்கல்வி நிறுவனங்களுக்குத் தர மதிப்பு போடும் நாக் குழுவுக்குக் கொடுத்த சுய மதிப்பீட்டு அறிக்கை. அதில் முழுநேர ஆசிரியர் எத்தனை பேர், ஒருவருக்கு எத்தனை மாணவர்கள் என்பதைப் பாருங்கள். ஏ ப்ளஸ் ப்ளஸ் என்றால் 4க்கு 3.51 அல்லது அதற்கு மேல். ஆனால் அது மொத்த நிறுவனத்துக்கான மதிப்பு, நீங்கள் சேரும் துறைக்கு அல்ல. மதிப்பு எந்த வருடம் வரை செல்லும் என்பதையும் பாருங்கள். காலாவதியான நாக் சான்றிதழ் வாசலில் பெரிய போர்டாக நிற்பது சாதாரணமாக நடக்கிறது.

பிறகு நேரில் போங்கள். வேலைநாளில், பதினோரு மணிக்கு. துறைக்குள் நுழைந்ததும் சுவரில் கால அட்டவணை ஒட்டியிருக்கும். ஆசிரியர் பெயர்ச் சுருக்கங்களை எண்ணுங்கள். ஆறேழு பெயர்கள் மாறி மாறி வந்தால் நல்லது. மூன்றே பெயர்கள் திரும்பத் திரும்ப வந்தால் அந்த மூன்று பேரில் ஒருவர் விடுப்பில் போகும் நாளில் மூன்றில் ஒரு பங்கு பாடம் நிற்கும். நிரந்தர ஆசிரியர் எத்தனை, கௌரவ விரிவுரையாளர் எத்தனை என்று கேளுங்கள். கௌரவ விரிவுரையாளர்களில் மிக நன்றாகப் பாடம் எடுப்பவர்கள் நிறைய இருக்கிறார்கள். சிக்கல் அவர்கள் திறமையில் இல்லை, அடுத்த ஜூனில் அவர்கள் அங்கே இருப்பார்களா என்பதில். இறுதியாண்டு ப்ராஜெக்டுக்கு வழிகாட்டியவர் பாதியில் போய்விட்டால் பிள்ளை தவிக்கும்.

அடுத்து நூலகம். உங்கள் பாடத்தின் அலமாரியில் ஐந்து புத்தகங்களை எடுத்து, பின்னட்டையின் உட்பக்கம் ஒட்டியிருக்கும் தேதிச் சீட்டைப் பாருங்கள். முத்திரைகள் வரிசையாக இந்த வருடம் வரை வந்திருந்தால் அங்கே பிள்ளைகள் படிக்கிறார்கள். கடைசி முத்திரை எட்டு வருடத்துக்கு முந்தையது, பக்கங்கள் இன்னும் ஒட்டிக்கொண்டு பிரிய மறுக்கின்றன என்றால், ஒரு லட்சம் நூல்கள் என்று போர்டில் எழுதியிருந்து பயனில்லை. எல்லாமே கணினியில் பதியும் நூலகமாக இருந்தால் கவுண்டரில் கேளுங்கள், சொல்வார்கள். அறிவியல் பாடமென்றால் லேப்பில் கருவிக்குப் பக்கத்தில் தொங்கும் பயன்பாட்டுப் பதிவேட்டைப் புரட்டுங்கள். இளநிலை மாணவர் கையெழுத்து அதில் இருக்கிறதா, ஆராய்ச்சி மாணவர்கள் மட்டும்தானா? பெரிய வளாகத்தில் விலை உயர்ந்த கருவிகள் இருக்கும். பி.எஸ்சி. பிள்ளை அதைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வருவதும் நடக்கும். சிறிய இடத்தில் கருவி குறைவு, ஆனால் இருப்பதில் முதலாண்டிலேயே கை வைக்கலாம்.

கேண்டீனில் மூன்றாமாண்டு மாணவர் ஒருவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "போன செமஸ்டர் ரிசல்ட் தேர்வு முடிந்து எத்தனை நாளில் வந்தது?" துறைத் தலைவர் ஒரு மணி நேரம் சொல்வதைவிட இந்தப் பதில் நிர்வாகத்தைப் பற்றி அதிகம் சொல்லும்.

எது எங்கே உடைகிறது

பெரிய இணைப்புப் பல்கலைக்கழகத்தின் தன்னாட்சி பெறாத கல்லூரிகளில் பாடத்திட்டம் பொது, கேள்வித்தாள் வெளியாள் எடுப்பது, விடைத்தாள் வேறு ஊரில் திருத்தப்படுவது. உங்கள் ஆசிரியருக்குப் பிள்ளையைப் பிடிக்கவில்லை என்றாலும் மதிப்பெண்ணில் பெரிய அடி விழாது. இது சாதாரணப் பாதுகாப்பு அல்ல. ஆனால் மறுமதிப்பீடு, சான்றிதழ் பிழைத்திருத்தம் போன்றவற்றுக்குப் படிவம், சலான், கவுண்டர் என்று அலைய வேண்டும். விருப்பப் பாடப் பட்டியலில் இருபது பெயர்கள் இருக்கும், நடத்துவது மூன்றாக இருக்கும். 'கடந்த இரண்டு வருடம் உண்மையில் நடத்திய விருப்பப் பாடங்கள் எவை' என்று கேட்டால்தான் தெரியும். வளாக வேலைவாய்ப்பில் பெரிய இடத்துக்கே அனுகூலம். ஒரே நாளில் நூற்றுக்கணக்கானவர்களைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க நினைக்கும் நிறுவனம், நாற்பது பேர் உள்ள துறைக்காகத் திண்டுக்கல் பக்கம் வண்டி ஏறாது.

சிறிய இடத்தில் பாடம் எடுப்பவரே உள்மதிப்பீட்டுக்கும் மதிப்பெண் போடுவார், பெரும்பாலும் அடுத்த செமஸ்டரிலும் அவரே வருவார். அவர் நல்ல ஆசிரியரானால் வாழ்க்கை மாறும். பிள்ளையின் பெயர், பலவீனம் எல்லாம் தெரிந்து, மேற்படிப்புக்கு அவர் எழுதும் பரிந்துரைக் கடிதம் வெறும் படிவமாக இராது. அவரோடு ஒத்துப்போகவில்லை என்றால் ஓடி ஒளிய வேறு பிரிவு இல்லை. விடுதியிலும் இதே கதைதான். மெஸ் பெரும்பாலும் 'டிவைடிங்' முறை. மாத மொத்தச் செலவைச் சாப்பிட்ட நாட்களால் பங்கிடுவார்கள். சமையலாள் சம்பளம் போன்ற நிலையான செலவை 80 பேர் பங்கிட்டால் ஒருவர் தலையில் விழுவது 800 பேர் பங்கிடுவதைவிட அதிகம். வார்டனிடம் 'சராசரி எவ்வளவு' என்று கேட்காதீர்கள். கடந்த ஆறு மாத மெஸ் பில்லை மாதவாரியாகக் கேளுங்கள். ஒரு முறை ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தின் கடைசிக் கால்மணியில் போய்ப் பாருங்கள். அப்போது குழம்பு மிச்சமிருக்கிறதா என்பதில் எல்லாம் தெரிந்துவிடும். ராத்திரியில் காய்ச்சல் வந்தால் யார் வண்டி எடுப்பார்கள், எந்த ஆஸ்பத்திரி என்பதை வார்டனிடம் பெயரோடு கேட்டு எழுதி வாருங்கள்.

எங்கள் கணிப்பைச் சொல்லிவிடுகிறோம். பொதுவான பி.ஏ., பி.காம். படித்துக்கொண்டே டிஎன்பிஎஸ்சிக்குத் தயாராகும் எண்ணமென்றால், ஒரு மணி நேரத்துக்குள் இருக்கும் பக்கத்துக் கல்லூரியே சரி. மிச்சமாகும் பணமும் நேரமும் பயிற்சிக்கு ஆகும். பொறியியல் படித்து உடனே வேலை என்றால் பெரிய இடம். ஒரே பாடத்தில் தீராத பிடிப்பு, ஆராய்ச்சிக்குப் போகும் ஆசை என்றால் தூரத்துச் சிறிய இடத்துக்குத் தயங்காமல் அனுப்புங்கள், அந்தத் துறையில் குறைந்தது ஐந்து நிரந்தர ஆசிரியர்கள் இருந்தால். பெண் பிள்ளை என்பதற்காக மட்டும் தூரத்து இடத்தை அடித்துவிடாதீர்கள். இருட்டிய பிறகு இரண்டு பஸ் மாறி வருவதைவிட, நன்றாக நடக்கும் விடுதி பாதுகாப்பானது.

நெல் வரும் மாதமும் ஃபீஸ் கட்டும் மாதமும்

மேட்டூர் அணையைத் திறக்க வழக்கமான நாள் ஜூன் 12. அதையொட்டிக் குறுவைக்கு உழவு, நாற்று, நடவுக் கூலி, உரம் என்று கையிலிருப்பது வயலுக்குள் போகும். கல்லூரி முதல் ஃபீஸும் அதே ஜூன், ஜூலையில்தான். குறுவைப் பணம் செப்டம்பர், அக்டோபரில் வரும். இரண்டாவது செமஸ்டர் ஃபீஸ் டிசம்பர், ஜனவரி. சம்பா நெல் கொள்முதல் நிலையத்தில் எடை போட்டு வங்கிக் கணக்குக்குப் பணம் வர பிப்ரவரி ஆகிவிடும். ஆகவே எவ்வளவு என்பதற்கு முன் எப்போது என்று கேளுங்கள். செமஸ்டருக்கா, வருடத்துக்கா? தவணை உண்டா? தாமதமானால் நாளுக்கு எவ்வளவு அபராதம்? தூரத்து விடுதியில் சேரும் நாளில் காப்புத்தொகை, மெஸ் அட்வான்ஸ் என்று ஒரே மூச்சில் கேட்பார்கள். முதல் நாள் தேவை தனி, வருடத் தேவை தனி என்று இரண்டு தொகையாக எழுதிக்கொள்ளுங்கள்.

கல்விக் கடனில் 4 லட்சம் வரை நம் கைப்பணம் போட வேண்டியதில்லை. அதற்கு மேல் உள்நாட்டுப் படிப்புக்கு 5 சதவீதம் நாம் போட வேண்டும். விடுதி, மெஸ் செலவையும் கடன் மதிப்பீட்டில் சேர்க்கலாம், அதற்குக் கல்லூரி தரும் செலவு விவரச் சான்றிதழில் அந்தத் தொகை தனியாக எழுதப்பட்டிருக்க வேண்டும். படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை தவணை கட்ட வேண்டாம் என்றாலும் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும்.

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்திருந்தால் மாணவிகளுக்குப் புதுமைப் பெண், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. மயிலாடுதுறைப் பக்கத்து மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் உள்ளதுதான் அந்த மாணவியர் திட்டம். பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. அப்படி இடம் கிடைத்த பிள்ளைக்குத் தூரம் ஒரு செலவே இல்லை. இப்போது சமூகநீதி விடுதி என்று பெயர் மாறியிருக்கும் அரசு நல விடுதிகள் கல்லூரிக்குப் பக்கத்தில் உண்டா என்றும் விசாரியுங்கள்.

பட்டத்தின் பெயர்

புதிய சிறிய நிறுவனங்கள் புதுப் பெயர்களில் படிப்பு வைக்கின்றன. கேட்க நன்றாக இருக்கும். டிஎன்பிஎஸ்சி, ஆசிரியர் தேர்வு வாரியம் போன்றவற்றில் அந்தப் பட்டம் வழக்கமான பட்டத்துக்கு இணை என்று அரசாணை இருந்தால்தான் செல்லும். இல்லாவிட்டால் வேலை கிடைக்கும் நேரத்தில், சான்றிதழ் சரிபார்ப்பில் தள்ளிவிடுவார்கள். 'இணைத்தன்மை அரசாணை எண் என்ன' என்று சேருவதற்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். ஐந்தாண்டு ஒருங்கிணைந்த படிப்பில் மூன்றாவது வருடம் வெளியேறினால் இளநிலைப் பட்டம் தருவார்களா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

தேதிகள் முட்டிக்கொள்ளும்போது

அரசுக் கலைக் கல்லூரிக் கலந்தாய்வு மே கடைசி, ஜூனில் வந்துவிடும். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான க்யூட் நுழைவுத் தேர்வின் ரிசல்ட்டும் தொடர்ந்த சேர்க்கையும் அதற்குப் பிறகுதான். பக்கத்து இடத்தில் ஃபீஸ் கட்டிவிட்டுத் தூரத்து இடத்துக்குக் காத்திருப்பது தவறல்ல. பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2018ல் அறிவித்த விதிப்படி, சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாளோ அதற்கும் முன்போ விலகினால், சிறு நடைமுறைக் கட்டணம் போக முழுத் தொகையும் திரும்ப வரும். கடைசி 15 நாளுக்குள் 90 சதவீதம், கடைசித் தேதிக்குப் பின் 15 நாள் வரை 80, முப்பது நாள் வரை 50, அதன் பிறகு ஒன்றுமில்லை. சில வருடங்களில் இதைவிடத் தாராளமான தேதிகளையும் யுஜிசி அறிவித்திருக்கிறது, அந்த வருட அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அசல் சான்றிதழ்களை நிறுவனம் பிடித்து வைத்துக்கொள்ளவும் அதே விதியில் தடை உண்டு. ஆனாலும் டிசியைக் கொடுக்கும்போது ரசீது வாங்காமல் நகராதீர்கள். சாதி, வருமானம், இருப்பிடம், முதல் பட்டதாரி என எல்லாச் சான்றிதழையும் மே மாதமே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, பத்து செட் ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள். ஜூனில் எல்லாரும் ஒரே நேரத்தில் போய் நிற்பார்கள்.

தூரத்து இடம் என்று முடிவானால், நாள்காட்டியில் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பிள்ளை ரயில் ஏறும் நாளுக்கு 60 நாள் முன்னால் ஒரு வட்டம் போடுங்கள். ரயில் முன்பதிவு அன்றுதான் திறக்கும், காலை எட்டு மணிக்கு.

இரண்டில் ஒன்றில் சேர்ந்த மறுநாளே மற்ற இடத்துக்கு விலகல் கடிதத்தை எழுதிக் கொடுத்து, முத்திரை போட்ட நகல் வாங்கிவிடுங்கள். பணம் திரும்பக் கிடைப்பது அந்தத் தேதியை வைத்துத்தான். காத்திருப்போர் பட்டியலில் அடுத்து நிற்கும் பிள்ளைக்கு அந்த இடம் போய்ச் சேருவதும் அதற்குப் பிறகுதான்.